ஒடியாத கொப்பரையும் சிம்பாங் அம்பாட்டின் பசித்த மண்ணும்

சிம்பாங் அம்பாட்டுக்கு ஏன் போனாய் என்று கேட்டால், கோபத்தில் போனேன் என்பதுதான் நேரான பதில். காற்று வாங்கப் போனவர்களும் கோயில் பார்க்கப் போனவர்களும் எழுதும் பயணக் கட்டுரைகள் நிறைய வருகின்றன. இது அந்த வகை அல்ல. ஆனாலும் பினாங்கிலிருந்து கடல் தாண்டி அக்கரைக்குப் போக நினைப்பவர்களுக்கு, அதிலும் அங்கே நாலு தென்னை வைத்திருப்பவர்களுக்கு, உபயோகப்படும் என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தி, பெப்ரவரி மாதத்து வெயிலில், என் அத்தான் அந்தோணி விலைபோகாத மூன்று மூட்டைக் கொப்பரையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஜார்ஜ் டவுனில் கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில் நான் குடியிருக்கிறேன். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உடுப்புத் தைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. அத்தான் என் அக்கா திரேசாவின் கணவர். இருவரும் சிம்பாங் அம்பாட்டில் ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்துப் பன்னிரண்டு வருடமாகப் பாடுபடுகிறவர்கள். வீடும் தோப்புக்குள்ளேயே. தோப்பு போனால் அவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

கொப்பரை வாங்குகிறவர்கள் அதை எப்படிச் சோதிப்பார்கள் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு மூடியை எடுத்து இரண்டு கையாலும் ஒடிப்பார்கள். நல்ல கொப்பரை டப்பென்று உடையும். அத்தான் கொண்டுபோனது உடையவில்லை. செருப்புத் தோல் மாதிரி வளைந்தது. இது முதல் தடவையும் அல்ல. மூன்று நாலு வருடமாகவே கொப்பரை வரவர மோசமாகிக்கொண்டு வந்திருக்கிறது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்குக் கிட்டங்கி வைத்திருக்கும் வியாபாரி அன்றைக்கு மூட்டை தூக்கும் ஆட்கள் எல்லாரும் கேட்கும்படி, காயவைக்கத் தெரியாத ஆளுக்குத் தோப்பு எதற்கு என்று கேட்டுவிட்டார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அதே பேச்சை முன்னாலேயே தோப்பின் சொந்தக்காரரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார். சொந்தக்காரர் ஜார்ஜ் டவுனில் பெரிய வீட்டில் இருப்பவர். ஈஸ்டர் கழிந்ததும் மரத்தையெல்லாம் வெட்டிப் போட்டுவிட்டு மரவள்ளி போடுகிற ஆளுக்கு நிலத்தைக் கொடுக்கப்போவதாக அத்தானிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அத்தான் இதையெல்லாம் என்னிடம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் அக்காவைக் கோபக்காரி என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். வாய்க்காரி என்றாலும் சரி. வேலை தெரியாதவள் என்று சொன்னால் நான் சும்மா இருக்க முடியாது.

மண்ணைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஊசியும் நூலும்தான் தெரியும். இருந்தாலும் எட்டு நாள் கடையைச் சாத்திவிட்டு அக்கரைக்குப் போவதென்று முடிவு செய்தேன். அத்தான் முன்னாலேயே திரும்பிவிட்டதால் தனியாகத்தான் போக வேண்டும். கல்யாணமாகாத பெண் தனியாக ரயிலேறிப் போவதா என்று சந்தில் இருந்த அத்தனை பேரும் என்னிடம் வந்து கேட்டார்கள். அத்தனை பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன்: டிக்கெட்டில் ஆணா பெண்ணா என்று போட்டிருக்காது.

இனி வழி. டிக்கெட்டைக் கடலோரத்தில் மணிக்கூண்டு உள்ள ரயில்வே கட்டிடத்திலேயே வாங்கிவிடலாம். தண்டவாளம் இல்லாத ஸ்டேஷன் என்று நம்மவர்கள் கேலி செய்வார்களே, அதுதான். படகுக்கும் ரயிலுக்கும் சேர்த்து மூன்றாம் வகுப்புக்கு ஐம்பத்தைந்து காசு வாங்கினார்கள். காலை ஏழு மணிப் படகில் ஏறினால் அரைமணிக்குள் அக்கரையில் உள்ள பிறையில் இறங்கிவிடலாம். பிறையில் நல்ல காப்பி கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டிலேயே குடித்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் கரித்தூளைத்தான் விழுங்க வேண்டியிருக்கும்.

பிறையிலிருந்து வண்டி புக்கிட் மெர்த்தாஜாம் வழியாகத் தெற்கே திரும்புகிறது. காலை வண்டியில் இடப்பக்க ஜன்னலில் உட்காராதீர்கள். மெர்த்தாஜாம் தாண்டியதும் வெயில் முகத்தில் அடிக்கும். அங்குள்ள அன்னம்மாள் கோயில் திருநாள் சமயத்தில் இந்த வண்டியில் ஏறுவதையே மறந்துவிடுங்கள், நிற்கக்கூட இடம் இருக்காது. டிக்கெட் பார்க்க வந்த தமிழர், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். என் பக்கத்தில் இருந்த தையல் கூடையைக் காட்டினேன். அதற்கப்புறம் சிம்பாங் அம்பாட் வரைக்கும் அவர் என் பக்கம் வரவில்லை.

சிம்பாங் அம்பாட் ஸ்டேஷனிலிருந்து அக்காவின் தோப்பு ஒன்றரை மைல். மாட்டு வண்டிக்காரர் இருபது காசு கேட்டார். நடந்தால் முக்கால்மணி நேரம்தான் ஆகும், வழியெல்லாம் நிழலும் உண்டு. நான் நடந்தேன். வெயில் ஏறுவதற்குள் தோப்பைப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரமும் இருந்தது.

தோப்புக்குள் நுழைந்தவுடன் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு காய்ந்த ஓலை, ஒரு மட்டை, ஒரு சருகு தரையில் கிடக்கவில்லை. அத்தான் சனிக்கிழமைதோறும் தோப்பு முழுவதையும் பெருக்கிக் குவித்துக் கொளுத்திவிடுவார். மறுநாள் பூசைக்குப் போகும்போது வீடும் வாசலும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். சாம்பலையும் வீணாக்காமல் மரத்தடியில் போட்டுவிடுவார். அந்தப் பக்கத்தில் இவ்வளவு சுத்தமான தோப்பு வேறு கிடையாது என்று ஊரே சொல்லும்.

பிறகுதான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். மரத்தில் கீழே தொங்கும் பழைய ஓலைகள் ஓரளவு பச்சையாக இருந்தன. நடுவில் புதிதாக விரிந்தவை வெளிறி மஞ்சளாக நின்றன. வயதானது வாடி இளசு செழிப்பாக இருப்பதுதானே உலக வழக்கம், இங்கே தலைகீழாக இருந்தது. அக்காவிடம் கேட்டேன். மூன்று நாலு வருடமாக இப்படித்தான் என்றாள். குப்பை எரு வாங்கப் பணமில்லை, சாம்பல் மட்டும் போடுகிறோம் என்றும் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்தால் இரவெல்லாம் தூங்காதவள் மாதிரி இருந்தது.

முதல் இரண்டு நாள் நான் அவர்கள் கொப்பரை போடும் முறையைக் கண்கொட்டாமல் பார்த்தேன். வியாபாரி சொன்னதில் கடுகளவாவது உண்மை இருக்கிறதா என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது. காயை உடைத்துத் தண்ணீரை வடித்து, வெயிலில் மூடிகளை மல்லாத்தி வைக்கிறார்கள். இரண்டாம் நாள் சிரட்டையிலிருந்து பருப்பு விட்டுக் கொடுக்கும். அதைக் கெல்லி எடுத்து மறுபடி பாயில் பரப்பிக் காயவைக்கிறார்கள். சாயங்காலம் பனி படாமல் சாக்கால் மூடுகிறார்கள். மேகம் கறுத்தால் போட்டது போட்டபடி ஓடுகிறார்கள். இதற்கு மேல் எப்படிக் காயவைப்பது என்று அந்த வியாபாரியே வந்து காட்டினால் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா மீன் கறிக்குத் தேங்காய் எடுத்துவரச் சொன்னாள். களஞ்சியத்தில் குவிந்து கிடந்ததில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

"அது வேணாம் செசிலி. வடக்கு வாய்க்கா ஓரத்துல எட்டு மரம் நிக்குது பாரு, அந்தக் காயத்தான் நான் கறிக்கு எடுப்பேன். பாலு கெட்டியா வரும்."

நான் வடக்குப் பக்கம் போய்ப் பார்த்தேன். எட்டு மரமும் கரும்பச்சையாக நின்றன. குருத்தும் பச்சை, குலையும் கனம். அக்கா நல்ல காயைச் சமையலுக்கு வைத்துக்கொண்டதால் அந்த மரங்களின் காய் ஒருநாளும் கொப்பரை மூட்டைக்குள் போனதில்லை. சமையலறையில் தெரிந்த விஷயம் கொப்பரைப் பாய்க்கு வந்து சேரவேயில்லை. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எந்த வீட்டில்தான் கறித் தேங்காயையும் விற்கிற தேங்காயையும் சேர்த்து யோசிக்கிறார்கள்?

அன்றைக்கே ஒரு காரியம் செய்தேன். அந்த எட்டு மரத்துக் காய்களில் இருபதும், தோப்பின் மற்ற மரத்துக் காய்களில் இருபதும் எடுத்து, ஒரே பாயில் நடுவே கரியால் கோடு போட்டு இரண்டு பக்கமாகப் பரப்பச் சொன்னேன். உடைத்ததும் பரப்பியதும் அக்காவே. வெயிலும் ஒன்று, பனிக்கு மூடிய சாக்கும் ஒன்று. பரப்பியதிலிருந்து ஐந்தாம் நாள் எடுத்துப் பார்த்தபோது கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த எட்டு மரத்துக் காய் டப்பென்று ஒடிந்தது. அந்தப் பக்கம் இருந்தது வளைந்தது. அக்கா ஒடிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். இத்தனை நாளாக அவளுக்கே தன் கைமேல் சந்தேகம் வந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வியாபாரி எதிரில் இருந்திருந்தால் என் கத்தரிக்கோலுக்கு வேலை வந்திருக்கும்.

வாய்க்கால் ஓரம், தண்ணீர் அதிகம், அதனால்தான் பச்சை என்று அத்தான் சொன்னார். தெற்கிலும் வாய்க்கால் ஓடுகிறது, அங்கே உள்ள மரமெல்லாம் மஞ்சளாகத்தானே நிற்கிறது என்று கேட்டேன். வடக்கு வாய்க்காலுக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. அதன் அக்கரையில் ஒரு சீனத்தம்மா குடியிருக்கிறாள். சோயா மொச்சையை அரைத்துப் பாலெடுத்துக் கட்டியாக்கித் தாஹு செய்து சந்தையில் விற்பவள். நாலைந்து வருடத்துக்கு முந்தி வந்தவள்.

அவள் வேலை செய்வதை அடுத்த நாள் விடியலில் போய் உட்கார்ந்து பார்த்தேன். பால் கட்டியாவதற்கு ஒரு வெள்ளைக் கல்லைச் சுட்டு, இடித்து, தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறாள். அடியில் தங்கும் மண்டியையும் பானை கழுவிய தண்ணீரையும் தினமும் வாய்க்காலில் கொட்டுகிறாள். வாய்க்கால் கரையில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் அந்தக் கல் என்ன என்று கேட்டேன். பேர் சொன்னாள், எனக்குப் புரியவில்லை. என் முழியைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு துண்டை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள்.

திரும்பும் வண்டி பத்து மணிக்கு என்று போட்டிருந்தது, வந்தது பதினொன்றுக்கு. நேரத்துக்குப் போய் வெயிலில் காயாதீர்கள், ஸ்டேஷனில் ஒரே ஒரு பெஞ்சுதான் உண்டு. ஜார்ஜ் டவுனில் இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கிலீஷ் மருந்துக் கடையில் மருந்து கலக்கும் சவரிமுத்து அண்ணனிடம் கல்லைக் கொண்டுபோனேன். அவர் மனைவிக்கு நான்தான் ரவிக்கை தைப்பது, ஆகவே விரட்டமாட்டார். நகத்தால் கீறிப் பார்த்தார், மருந்து ஊற்றிப் பார்த்தார். இது சுண்ணாம்புச் சத்தும் கந்தகச் சத்தும் சேர்ந்த கல் என்றார். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் மாவும் இதிலிருந்துதான் வருகிறதாம்.

சுண்ணாம்பு என்றால் சாம்பலில் அதுவும் இருக்கிறதே என்று கேட்டேன். ஆமாம், ஆனால் கந்தகம் நெருப்பில் நிற்காது, பெரும்பகுதி புகையாகப் போய்விடும் என்றார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். சனிக்கிழமை சனிக்கிழமையாகப் பன்னிரண்டு வருடம். ஓலையிலும் மட்டையிலும் இருந்த கந்தகம் வானத்துக்குப் போயிருக்கிறது, காயில் இருந்தது கிட்டங்கிக்குப் போயிருக்கிறது. மண்ணுக்குத் திரும்பி வந்தது சாம்பல் மட்டும். ஊரே மெச்சின சுத்தம்தான் அந்த மண்ணைப் பட்டினி போட்டிருக்கிறது.

அப்படியானால் கடையில் இருக்கும் மஞ்சள் கந்தகத் தூளையே வாங்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். அவர் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து அந்தத் தூளைத் தூவிக் காட்டினார். அது கரையாமல் மேலே மிதந்தது. இன்னொரு டம்ளரில் என் கல்லைப் பொடித்துப் போட்டுக் கலக்கினார். கொஞ்சம் கரைந்து கொஞ்சம் அடியில் தங்கியது.

"வேர் தண்ணியத்தாம்மா குடிக்கும். கரையாதது மண்ணுல எவ்வளவு கெடந்தாலும் மரத்துக்கு எட்டாது. மஞ்சத் தூளும் ஒருநாள் மாறும், ஆனா மண்ணு அதுக்கு ரொம்ப நாளு எடுத்துக்கும். உனக்கு நாளு இருக்கா?"

நாள் இல்லை. ஈஸ்டருக்கு ஒரு மாதம்தான் இருந்தது. மறுநாள் காலையில் தோப்புச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனேன். பின்வாசல் தாழ்வாரத்தில் ஒருமணி நேரம் உட்கார வைத்தார்கள், உட்கார்ந்திருந்தேன். அவர் வந்ததும் ஒரு கையில் ஒடியும் கொப்பரையையும் மறு கையில் வளையும் கொப்பரையையும் கொடுத்து, ஒடித்துப் பார்க்கச் சொன்னேன். அவருக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஒடித்துப் பார்த்தார். பிறகு வளைவது உன் அக்கா போட்டது, ஒடிந்தது வேறு ஆள் போட்டது, அப்படித்தானே என்றார்.

"ரெண்டும் உங்க தோப்புக் காய்தான் ஐயா. ரெண்டும் எங்க அக்கா ஒரே பாயில காய வச்சது. பசியில கெடக்கிற மண்ணு உங்களது. வேல தெரியலன்னு பேரு எங்களுக்கா?"

அவருடைய கணக்குப்பிள்ளை என்னை வாயை மூடச் சொன்னார். நான் மூடவில்லை. மண் பசியோடு இருந்தால் மரவள்ளியும் வராது, மரத்தையும் தொலைத்துவிட்டு வெறும் நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். அது உண்மையில் நடக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவரும் மரவள்ளி போட்டுப் பழகியவர் இல்லை. அந்த வளைந்த கொப்பரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், அடுத்த வருடம் முடிகிறவரை வெட்டவில்லை, குத்தகை ஒரு காசு குறையக்கூடாது, அதற்குள் கொப்பரை தேறாவிட்டால் உன் அக்கா சத்தமில்லாமல் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அக்காவைக் கேட்காமல் அவள் வீட்டை வைத்துச் சரி என்று சொன்னது வெளியே வந்தபின்தான் எனக்கு உறைத்தது.

அந்த வாரக் கடைசியிலேயே மறுபடி போனேன். சீனத்தம்மாவுக்குக் கல் வரும் கடை ஜார்ஜ் டவுனில்தான் இருந்தது. உதிர்ந்த துண்டுகளாக ஆறு சாக்கு வாங்கிச் சரக்கு வண்டியில் போட்டேன். சரக்கு வண்டிக்கு முந்தின நாளே கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் சாக்கு பிறையிலேயே கிடக்கும். நான் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை சாயங்காலம். அத்தான் வழக்கம்போல் பெருக்கிக் குவித்து, குவியலுக்கு நெருப்பு வைத்துக்கொண்டிருந்தார்.

வாளித் தண்ணீரை எடுத்து அதன்மேல் கொட்டினேன். அத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது. மச்சினிச்சி அப்படிச் செய்யலாமா என்றால் செய்யக்கூடாதுதான். அவர் என்னை அதட்டவில்லை, அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "பன்னெண்டு வருஷமா தோப்ப கோயிலாட்டம் வச்சிருந்தேன். இப்ப குப்பையில குடியிருக்கச் சொல்றா உன் தங்கச்சி."

அக்கா பாதி கருகிய மட்டையை ஒவ்வொன்றாக எடுத்து மரத்தைச் சுற்றி அடுக்கத் தொடங்கினாள். அதைப் பார்த்த அத்தான், அடுக்குகிற விதம் சரியில்லை என்று அவளைத் திட்டிக்கொண்டே தானும் குனிந்தார். ஒன்று மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை, அதில் அவர் சொன்னதுதான் சரி. பட்டுப்போன அடிமரத்தைக் கொளுத்தியே ஆக வேண்டும். அதில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், சர்க்காரும் விடமாட்டார்கள். ஓலையும் மட்டையும் சருகும் வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கல்லை உரலில் இடித்தோம். மரத்துக்கு இரண்டு பால் டின் அளவு, அடியில் கொட்டாமல் நாலடி தள்ளி வட்டமாகத் தூவினோம். சீனத்தம்மா வாய்க்கால் தாண்டி வந்து பார்த்தாள். தின்கிற பொருளைத் தரையில் கொட்டுகிறார்களே என்று முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். விஷயம் புரிந்ததும் தன் வீட்டு மண்டியையும் இனிமேல் பானையில் சேர்த்து வைப்பதாகச் சொன்னாள். கிணற்றடியில் இருந்த நாலு மரத்துக்கு மட்டும் வேண்டுமென்றே கல் போடவில்லை. நாளைக்கு யாராவது இது மழையின் குணம் என்று சொன்னால் காட்டுவதற்கு ஆதாரம் வேண்டும்.

தென்னை அவசரப்படாது. ஐந்து மாதம் கழித்துப் போனபோது புதுக் குருத்து பச்சையாக விரிந்திருந்தது, கிணற்றடி நாலு மரமும் மஞ்சளாகவே நின்றன. ஆனால் குரும்பை காயாகி முற்ற ஒரு வருடம் வேண்டும். அந்த ஒரு வருடமும் அக்கா கோழி வளர்த்தும் ஓலைக் கிடுகு பின்னியும் குத்தகை கட்டினாள். பெருக்காத தோப்பைப் பார்த்து, இவர்களுக்குச் சோம்பல் முற்றிவிட்டது என்று வழியில் போகிறவர்கள் பேசினார்கள். அவள் ஒருத்தருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

போன வருடம் செப்டம்பரில் ஐந்து மூட்டைக் கொப்பரையோடு அக்காவும் அத்தானும் படகில் வந்து இறங்கினார்கள். முந்தின நாளே தோப்புச் சொந்தக்காரருக்கு ஒரு மூடி அனுப்பியாகிவிட்டது. அவர் ஒடித்துப் பார்த்துவிட்டு, மரம் நிற்கட்டும் என்று ஆள் மூலம் சொல்லிவிட்டார். படகுத்துறைக்குப் போய் அவர்களை அழைத்துக்கொண்டு, மூன்று பேருமாகக் கிட்டங்கிக்குப் போனோம். அதே வியாபாரி, அதே ஆட்கள். மூட்டையைத் தராசில் ஏற்றினார்கள். அவர் கையை விட்டு ஒன்றை எடுத்து ஒடித்தார், இன்னொன்றை எடுத்து ஒடித்தார். எல்லாம் டப் டப்பென்று உடைந்தன. நல்ல விலைதான் சொன்னார். சொல்லிவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி சிரித்தார்.

"பரவால்லலா அந்தோணி. இப்பத்தான் காய வைக்கக் கத்துக்கிட்டே."

அத்தான் சிரிப்பதற்கு வாயைத் திறந்தார். விலை நல்ல விலை. நானும் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், உள்ளதைச் சொல்கிறேன். அக்கா தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"காய வைக்க எங்களுக்கு எப்பவும் தெரியும். மண்ணுதான் பட்டினி கெடந்துச்சு. அன்னைக்கு சொன்னது தப்புன்னு இதே ஆளுங்க முன்னுக்கு ஒரு வார்த்த சொல்லுங்க, எட போடுங்க. இல்லன்னா மூட்டைய எறக்குங்க."

வியாபாரி அவளை ஒரு தடவை பார்த்தார், தராசை ஒரு தடவை பார்த்தார். பெண்பிள்ளையோடு பேச்சு எதற்கு என்று அத்தானிடம் சொன்னார். அத்தான் குனிந்து முதல் மூட்டையை இறக்கினார். ஐந்தையும் இறக்கினார். அடுத்த தெருவில் வேறொரு கிட்டங்கியில், பிக்கல் எடைக்குக் கொஞ்சம் குறைவான விலைக்கு விற்றுவிட்டு என் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டோம். இன்றுவரை அங்கேதான் கொடுக்கிறார்கள்.

நான் படித்தவள் அல்ல, ஆகவே எல்லாத் தோப்புக்கும் இதுதான் மருந்து என்று சொல்லமாட்டேன். பழைய கீழ் ஓலை முதலில் மஞ்சளானால் அது வேறு பசி, அதற்கு இந்தக் கல்லை வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். புது ஓலை வெளிறி, கொப்பரையும் வளைந்தால், முதலில் நாலு மரத்துக்குப் போட்டு நாலு மரத்தை விட்டு வைத்துப் பாருங்கள். சனிக்கிழமை நெருப்பை இன்றைக்கே நிறுத்துங்கள், அதற்குச் செலவே இல்லை. தோப்பு அழுக்காக இருக்கிறது என்று ஊர் பேசும். பேசட்டும்.

போக்குவரத்தைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். கொப்பரையோடு வருகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. பிறையில் மூட்டையைப் படகில் ஏற்றும்போது அலை தெறிக்காத உள்பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். கிட்டங்கியில், மூட்டை தராசில் ஏறிவிட்டதே என்பதற்காகச் சொல்கிற பேச்சையெல்லாம் வாங்கிக்கொள்ளாதீர்கள். ஏற்றிய மூட்டையை இறக்கலாம். இறக்குகூலி மூட்டைக்கு இரண்டு காசுதான்.